மின்கித்தாருக்கு மேடை மறுப்பதேன்?

ஆங் மோ கியோ வட்டாரத்தில் பொங்கல் விழாவுக்கு மாணவர் நிகழ்ச்சிகளைத் தேரும் கூட்டங்களில் இன்னமும் ஒரு குரல் எழுகின்றது: “மின்கித்தார் வேண்டா; அது தமிழர் கருவியன்று; பாட்டில்லாத வெற்று ஆரவாரம்.” பல்லாண்டு விரல் தேயப் பயின்ற மாணவனைத் திரைப்பாடலுக்குப் பின்னணி வாசிக்கச் சொல்லி அனுப்பிவிடுகின்றனர். இதனை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

தமிழர் கருவியன்று என்போரைக் கேட்கிறேன்: வயலின் யாருடையது? முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியத்தைக் கற்றுக் கருநாடக இசைக்கு ஆக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனைப் பரப்பினார். மாண்டலினை எடுத்த உ. ஸ்ரீநிவாஸ் இரட்டை நரம்புகளை விலக்கி, ஐந்து ஒற்றை நரம்புகள் பூட்டி, மின்னிணைப்பும் தந்தார். கமகத்துக்கு நரம்பு இசைய வேண்டும். நாதம் நீடிக்க வேண்டும். அதற்கே அம்மாற்றம்.

கித்தாரின் கதை இன்னும் சுவையானது. 1971-இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை அமைத்துச் சொல்லில்லா ராக் இசையில் கொடி நாட்டிய ஜான் மெக்லாக்ளின், அமெரிக்காவில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விநாயகராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது, கித்தாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழியச் செதுக்கச் செய்தார். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் நரம்பை இழுத்துக் கமகம் எழுப்பலாம். அவ்வசதியைத் தம் கருவியிலும் நாடினார். அயலார் நம் கமகத்துக்காகக் கருவியையே செதுக்க, நாம் நம் பிள்ளையின் கருவியைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதா? தமிழரான பிரசன்னா, ஜிமி ஹென்றிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேசாலேண்ட்’ வெளியிட்டாரே, அதில் மின்கித்தாரும் நம் தாளக் கருவிகளும் ஒருங்கே முழங்குகின்றன.

சொல் இல்லையாம்! இராக ஆலாபனையில் பொருள் தரும் சொல் ஏது? தனியாவர்த்தனத்தில் ஏது? வேகத்தையே கலையெனக் காட்டி அலுப்பூட்டும் கித்தார்க்காரர் உளர், மறுக்கவில்லை. அந்நோய் நம் சபாக்களுக்கும் புதிதன்று.

உண்மையில் சிலருக்குக் கருவிமீதன்று, கூந்தல்மீதே சினம். 1972-இல் நீண்ட முடிக்காக லெட் செப்பிலின் குழுவை உள்ளே விடாத நகரம் இது. அந்நாளைய அச்சத்தை இன்றைய மாணவன் ஏன் சுமக்க வேண்டும்?

வரும் பொங்கலுக்கு அவனுக்குப் பதினைந்து நிமிடம் தாருங்கள். மிருதங்கம் பயிலும் மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் அமர்த்துங்கள். ஒலி மிகுமாயின் ஒலிபெருக்கியருகே நானே நின்று குறைக்கிறேன்.