ஒகேனக்கல் தண்ணி வந்தாச்சு... மஞ்சள் பல் போச்சா?

தர்மபுரி:
தர்மபுரி மாவட்டத்துக்காரரா என்று பல்லைப் பார்த்தே கேட்பவர்கள் உண்டு. மஞ்சள், பழுப்பு கறை. பேஸ்ட் போட்டு தேய் தேய்னு தேய்ச்சாலும் போகாது. காரணம் பீடியும் இல்லை, வெற்றிலையும் இல்லை. போர் தண்ணீரில் உள்ள புளோரைடு.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரிலும் இதே கறைதான். 1901-ல் அங்கு போன மெக்கே என்ற பல் டாக்டர் துப்பு துலக்கத் தொடங்கினார். தண்ணீரில் இருந்த புளோரைடுதான் வில்லன் என்று தெரிய 1931 ஆகிவிட்டது.

இங்கே அது பாறையில் இருந்து ஊறி வருகிறது. அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை தாண்டினால் வம்பு. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும்.

இதற்காகவே ரூ.1,928 கோடியில், ஜப்பான் கடனோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. பலன் கிடைத்ததா என்று பார்க்க ஆபீஸ் பைலைப் புரட்ட வேண்டாம். பல்லின் மேல்பூச்சு 8 வயசுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடும். அப்போது குடித்த தண்ணீர்தான் கறையாக வரும். 2013-க்கு பிறகு பிறந்த பிள்ளைகளின் முன்பல்லைப் பாருங்கள். ஒரு தெருவே கறையோடு சிரிச்சா, அவங்க சின்ன வயசில் அங்கே போர் தண்ணிதான் ஓடியிருக்கு!

பெரியவர்களுக்கு பழைய கறை இனி தானாகப் போகாது. எலும்புக்காக அவர்களும் ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். குழாய் வராத நாளிலோ, இருக்கிற ஒரு குடம் சின்னப் பிள்ளைக்கு.