எச்சிலும் சாட்சி சொல்லும்

பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

எச்சில் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நாம். அந்த எச்சில் வற்றிப்போனால் என்னவாகும் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? ஒரு கவளம் சோறு இறங்க இரண்டு மிடறு தண்ணீர் வேண்டும். பேசும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். பற்கள் ஒவ்வொன்றாய்ச் சொத்தையாகும். என் தாயார் பல ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறார். "உடம்புச் சூடு, மோர் குடி" என்றனர் அக்கம்பக்கத்தார். "வயதானால் அப்படித்தான்" என்றார் ஒரு மருத்துவர். அப்போது அவருக்கு வயது 38!

கண்ணும் வாயும் ஒருங்கே வறளும் நோய் ஒன்று உண்டு. 1933 ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் அதனை விரிவாக விளக்கியவர் ஹென்ரிக் ஷோக்ரென் என்னும் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்கிறது! நோயுறுவோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். சிலருக்குப் பின்னாளில் நிணநீர்ப் புற்றுநோயும் வருவதுண்டு. ஆகவே காலத்தே கண்டறிதல் வேண்டும்.

எப்படிக் கண்டறிகிறார்கள்? இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவர். கீழுதட்டின் உட்புறத்தைக் கீறி, சிறு சுரப்பிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர். "உதட்டிலா கத்தி வைப்பார்கள்?" என்று அஞ்சிய என் தாயார் பாதியிலேயே வீடு திரும்பிவிட்டார். இன்றுவரை அவர் நோய்க்குப் பெயரில்லை.

இங்கேதான் உமிழ்நீர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் புரதம் இந்நோயாளிகளின் உமிழ்நீரில் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். கத்தியில்லை, ஊசியில்லை, ஒரு குழாயில் துப்பினால் போதும்.

ஆயினும் அவசரப்படலாகாது. வேறு நோய்களிலும் இப்புரதம் கூடலாம். 2016 இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்புகள் கூடி வகுத்த நெறிமுறையில் இதற்கு இடமில்லை. ஆனால் உமிழ்நீர் ஊறும் அளவுக்கு அதில் இடமுண்டு! உதட்டுச் சுரப்பிக்கும் எதிர்ப்பொருளுக்கும் தலா 3 மதிப்பெண், நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவாகவோ உமிழ்நீர் ஊறினால் 1 மதிப்பெண். 4 மதிப்பெண் சேர்ந்தால் ஷோக்ரென் நோய் என்று வகைப்படுத்துவர்.

அந்த 1 மதிப்பெண்ணை அறிய என்ன கருவி வேண்டும்? ஓர் அளவுக் குழாயும் கடிகாரமும்தான்! நம் ஆய்வுக்கூடத்திலேயே இரண்டும் உள்ளன. நீரிழிவாலும், உண்ணும் மருந்துகள் சிலவற்றாலும்கூட வாய் வறளும். எனவே இந்த அளவு மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆனால் "வயதானால் அப்படித்தான்" என்ற சொல்லைத் தடுத்து நிறுத்த அதுவே போதும். புதிய புரதங்களைத் தேடுவோர் தேடட்டும். அதுவரை, வாய் வறள்கிறது என்று வரும் பெண்ணின் உமிழ்நீரை முதலில் அளந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த விடுமுறையில் என் தாயாரின் உமிழ்நீரை நானே அளக்கப் போகிறேன். அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு அவரை மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வேன். நான் கற்ற அறிவியலுக்கு இதைவிட வேறு பயன் எதற்கு?