விட்டுவைத்தாலும் விட்டுவிடக் கூடாத பல்

2000 மார்ச்சில் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவைக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று ஆராய்ந்து சொல்ல அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த ‘நைஸ்’ அமைப்பு, தன் முதல் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது ஞானப்பல்லை. தாடையில் சிக்கிக்கிடந்தாலும் நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காகப் பிடுங்குவதை நிறுத்துங்கள் என்றது அந்த அமைப்பு. சரிசெய்ய முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, திரும்பத் திரும்ப வரும் ஈறு வீக்கம் போன்ற காரணங்கள் இருந்தால் மட்டுமே எடுக்கலாம்.

தேவையில்லாத அறுவைச் சிகிச்சையிலிருந்து மக்களைக் காப்பாற்ற எழுந்த நல்ல முடிவுதான் இது. ஆனால் பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, ஞானப்பல் எடுத்துக்கொள்பவர்களின் சராசரி வயது 25-லிருந்து 32-ஆக ஏறியிருந்தது. எடுப்பதற்கான காரணமாகச் சொத்தை குறிக்கப்படுவது அதிகரித்திருந்தது. முதலில் குறைந்த அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையும் மறுபடி கூடியது. பலருக்கு அந்தப் பல் காப்பாற்றப்படவில்லை, பிடுங்கும் நாள்தான் தள்ளிப்போனது. 2020-இல் இங்கிலாந்தின் ராயல் அறுவைச் சிகிச்சைக் கல்லூரியின் பல் பிரிவு புதிய வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதைவிட, ஒவ்வொருவரின் பல் நிலையையும் எதிர்கால ஆபத்தையும் எடைபோட்டு முடிவெடுப்பதையே அது வலியுறுத்தியது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. அங்கே பள்ளிப் படிப்பு முடியும் வயதில் நான்கு ஞானப்பற்களையும் ஒரே நாளில் எடுத்துவிடுவது பல குடும்பங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் பிடுங்கப்படுவதாகவும், அவற்றில் பெரும்பாலானவை தேவையற்றவை என்றும் பல் மருத்துவர் ஜே ஃபிரீட்மன் 2007-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் எழுதினார். மறு ஆண்டே அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் முன்னெச்சரிக்கைப் பிடுங்கலை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. வாய், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கமோ, இள வயதில் எடுத்துவிடுவது பின்னால் வரும் சிக்கல்களைக் குறைக்கும் என்ற வாதத்தில் உறுதியாக நிற்கிறது.

இரு தரப்பு ஆய்வுகளையும் சலித்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2020-இல் சொன்னது இதுதான்: நோயில்லாத, சிக்கிய ஞானப்பல்லை எடுப்பது நல்லதா, விட்டுவைப்பது நல்லதா என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான சான்று இல்லை. விட்டுவைப்பதாக இருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து பரிசோதிப்பது நல்லது என்பதையும் அது சேர்த்தே சொன்னது.

இந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மில் பலர் கேட்பதில்லை. ‘வலிக்கவில்லை, விட்டுவிடலாம்’ என்று சொல்லி எழுந்து வருகிறோம். அடுத்த முறை பல் மருத்துவரைப் பார்ப்பது வலி தாங்காத இரவுக்கு மறுநாள் காலையில்தான். வலி இல்லாத பல் எல்லாம் நோய் இல்லாத பல் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் இழப்பு ஞானப்பல்லோடு நிற்பதில்லை.

கீழ்த்தாடையில் ஞானப்பல் பெரும்பாலும் முன்பக்கமாகச் சாய்ந்துதான் சிக்குகிறது. அதன் தலை, முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் போய் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சோறும் தேங்காய்த் துருவலும் தங்கும். பிரஷ் அங்கே போகாது. சில ஆண்டுகளில் முன்னால் இருக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் ஈறுக்குக் கீழே சொத்தையாகும். கண்ணாடியில் தெரியாது, வலியும் தாமதமாகவே வரும். அப்போது எக்ஸ்ரே எடுத்தால், மெல்லுவதற்கு மிகவும் தேவையான நல்ல பல்லுக்கு ரூட் கேனல் செய்ய வேண்டியிருக்கும், சில சமயம் அதையும் பிடுங்க வேண்டியிருக்கும். பிரிட்டன் அனுபவத்தின் வேதனையான பகுதி இதுதான்.

எல்லா ஞானப்பல்லும் இப்படி இருப்பதில்லை. நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு சரியாகப் பொருந்தி, பிரஷ் எட்டுகிற ஞானப்பல்லைத் தொட வேண்டியதே இல்லை. எலும்புக்குள் ஆழமாகப் புதைந்து, எந்தப் பல்லையும் முட்டாமல், சுற்றிலும் கட்டி எதுவும் இல்லாமல் கிடக்கும் பல்லையும் விட்டுவைக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதும். சிலருக்கு இந்தப் பல் உருவாவதே இல்லை. அதிகத் தொல்லை தருவது பாதி வெளியே வந்து, பாதி ஈறுக்குள் மறைந்திருக்கும் பல். அதன்மேல் கிடக்கும் ஈறு மடிப்புக்குள் உணவுத் துணுக்குகளும் கிருமிகளும் சேர்ந்து வீக்கம் உண்டாகும். வாய் திறக்க முடியாது, விழுங்கினால் வலிக்கும், காய்ச்சலும் வரலாம்.

அந்த நேரத்தில் பலரும் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கி மூன்று நாள் போட்டால் வீக்கம் வடிகிறது, பிரச்சினை தீர்ந்ததாக நினைக்கிறோம். ஈறு மடிப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த தொற்றும் அங்கேதான் வரும். உப்புநீரில் வாய் கொப்பளிப்பதும் மருத்துவர் அந்த இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்வதும் முதல் முறைக்கு உதவும். இரண்டாம் முறை வந்தால், அல்லது முதல் முறையே கடுமையாக இருந்தால், எடுப்பதற்கு அதுவே போதுமான காரணம் என்று அந்த 2000 வழிகாட்டுதலே ஏற்றுக்கொண்டது. கீழ்க் கடைவாய்ப்பல் தொற்று நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கி மூச்சை அடைக்கும் நிலையும் உண்டு. 1836-இல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயரால் இன்றும் அது அழைக்கப்படுகிறது. தாடைக்குக் கீழே கெட்டியான வீக்கமும் மூச்சுத் திணறலும் வந்தால் பல் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு வயதுதான் பாதிப் பதில். ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. அந்த வயதில் பலருக்கு வேர்கள் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் அவ்வளவு இறுகியிருக்காது, புண் சீக்கிரம் ஆறும். முப்பதைத் தாண்டினால் அறுவை கடினமாகிறது, ஆறும் காலமும் நீள்கிறது. நாற்பதுக்குப் பிறகு சர்க்கரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான சில மருந்துகள் என்று ஒவ்வொன்றும் சிக்கலைக் கூட்டும். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற தாடையில் பல் எடுத்தால் எலும்பே ஆறாமல் போகலாம். அதனால்தான் கதிர்வீச்சுக்கு முன்பே பற்களைச் சோதிக்கிறார்கள். குழந்தைப்பேற்றைத் திட்டமிடும் பெண்களும், அடிக்கடி வீங்கும் ஞானப்பல்லைக் கர்ப்பத்துக்கு முன்பே கவனித்துவிடுவது நல்லது.

இளம் வயதில் எடுத்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகே உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. பல்லின் உட்பக்கம் நாக்கின் நரம்பு இருக்கிறது. அவை காயப்பட்டால் உதடோ நாக்கோ மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், மிகச் சிலருக்கு நிரந்தரமாகவே இருந்துவிடும். முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் வேர் நரம்பைத் தொடுவதுபோல் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். வேரைத் தொடாமல் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் இருக்கிறது. பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு கலைந்துபோனால் இரண்டு மூன்று நாளில் கடும் வலி வரும். புகைப்பவர்களுக்கு இது அதிகம். நோயில்லாத பல்லை எடுக்கச் சொல்பவர் இந்த ஆபத்துகளையெல்லாம் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.

முன்பற்கள் கோணிவிடும் என்று பயமுறுத்தி ஞானப்பல்லை எடுக்கச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. 1998-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, ஞானப்பல் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தது. முன்பற்கள் நெருக்கியடிப்பதைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பது நியாயமல்ல என்பதே அதன் முடிவு.

நம் ஊரில் பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் தேவையில்லாமல் பிடுங்குவதும் தவறு, செலவுக்குப் பயந்து காலம் கடத்துவதும் தவறு. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் ஞானப்பல் சோதனையைச் செய்துகொள்ளலாம். கல்லூரியில் சேரும் வயதில் ஒரு ஓபிஜி எடுத்து, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் பல்லில் இப்போது என்ன நோய் இருக்கிறது? முன்னால் உள்ள பல் பாதிக்கப்படுமா? நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? எடுக்கவில்லை என்றால் மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும்? கடைசிக் கேள்விக்கான பதிலைத் தேதியோடு சீட்டில் எழுதிக் கொடுப்பதை ஒவ்வொரு பல் கிளினிக்கும் கடமையாகக் கொள்ள வேண்டும். நோயாளியும் அந்தத் தேதியில் போய்க் காட்ட வேண்டும்.