அப்பாவோட கேம்பரும் என் 31 இஞ்ச் ஆசையும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இடையில நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர், தன்னோட பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்குப் பெரிய டயரும் அலாய் வீலும் மாட்டப் போறதா சொல்லி, என் கருத்தைக் கேட்டார். "மாட்டாதீங்க"ன்னு ஒத்தை வார்த்தையில சொன்னா மனுஷன் கோச்சுக்குவார். அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

எங்க வீட்டு வண்டி 2009 மாடல் மஹிந்திரா பொலேரோ கேம்பர். முன்னாடி ரெண்டு வரிசை சீட்டு, பின்னாடி தொட்டி, கியர் ராடுக்குப் பக்கத்துல ஃபோர் வீல் போடறதுக்கு இன்னொரு குட்டி லீவர். வீடு நசரத்பேட்டை, நிலம் திருவள்ளூர் தாண்டி. வெளிவட்டச் சாலையில ஏறி நெமிலிச்சேரியில இறங்கி அப்படியே மேற்கால போகணும். நூறு கிலோமீட்டர் ஓடினா அதுல தொண்ணூத்தஞ்சு தார் ரோடு. மிச்சம் அஞ்சுதான் களிமண். ஆனா மழைக்காலத்துல அந்த அஞ்சுதான் குட்டி லீவரைப் போட வைக்கும்.

2023 மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. அப்பா ஓட்டறார், நான் பக்கத்துல, தொட்டி நிறைய உர மூட்டை. வெளிவட்டச் சாலையில எண்பதுல போயிட்டிருந்தோம். பின்னாடி குண்டு வெடிச்ச மாதிரி சத்தம். வண்டி வாலை ஆட்டிக்கிட்டு ஒரு லேன் தாண்டிப் போச்சு. அப்பா பிரேக்கைத் தொடவே இல்ல, ஸ்டீரிங்கை மட்டும் இறுக்கிப் புடிச்சு ஓரம் கட்டினார். நான் ஓட்டியிருந்தா கண்டிப்பா பிரேக்கை மிதிச்சிருப்பேன். அப்புறம் இந்தப் பதிவு எழுத ஆள் இருந்திருக்காது.

இறங்கிப் பாத்தா பின் வலது டயர் பக்கச்சுவர் கிழிஞ்சு தொங்குது. ஆனா பட்டன் நல்லாவே இருந்துச்சு! சட்டப்படி குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தா போதும், இதுல அஞ்சாறு மில்லி இருந்துச்சு. அப்புறம் பக்கச்சுவர்ல டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்துகளோட கடைசி நாலு எண்ணைப் பாத்தேன்: 1413. அதாவது 2013-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் தயாரானது. 2016-ல ஒரு கடையில "புதுசு"ன்னு வாங்கினது, அப்பவே அதுக்கு மூணு வயசு. ரப்பர் ஓடினாதான் கெடும்னு இல்ல. வெயில்லயும் காத்துலயும் சும்மா நின்னாலும் இறுகி வெடிப்பு விடும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல ஓட்ட வேண்டாம்னு மிஷெலின் மாதிரி கம்பெனிகளே சொல்றாங்க. பழியை முழுசா கடை மேல போடவும் முடியாது. மத்த டயர்ல காத்து பாத்தப்போ 24 பவுண்டுதான் இருந்துச்சு. லோடு ஏத்தறதுக்கு முன்னாடி காத்து செக் பண்ற வேலை வீட்ல யாரோடதுன்னு கேக்காதீங்க.

சரி, நாலு டயரையும் மாத்தணும். நம்ம மூளை எங்க போகும்? நேரா 31 இஞ்ச் மட் டெர்ரெய்ன், கறுப்பு அலாய். லேப்டாப்ல படம் காட்டினேன். அப்பா கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்துட்டு, "ஏண்டா, இதை ஓட்டறதுக்கா, நிறுத்தி வச்சுப் பாக்கறதுக்கா?"ன்னார். தங்கமணி சிரிச்சது இன்னும் காதுல கேக்குது.

ரோஷத்துல கணக்குப் போட்டேன். கதவோரம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எங்க சைஸ் 215/75 ஆர்15. அகலம் 215 மில்லி, பக்கச்சுவர் அதுல 75 சதவீதம், ரிம் 15 இஞ்ச். கூட்டிப் பாத்தா டயரோட விட்டம் 703 மில்லி சொச்சம். 31 இஞ்ச்னா 787. கிட்டத்தட்ட 12 சதவீதம் பெருசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டறப்ப நிஜத்துல 67-ல போவோம். வீல் தரையைத் தள்ளற பலமும், அதே மிதிக்குக் கிடைக்கற பிரேக் பலமும் பத்துப் பதினொரு சதவீதம் குறையும். பதினஞ்சு வயசு எஞ்சினும் அதே வயசு பிரேக்கும் உள்ள வண்டிக்கு இது தேவையா? போதாக்குறைக்கு அந்த அகல டயருக்கு அகல ரிம் வேணும். ரிம் வெளிய தள்ளி நின்னா வீல் பேரிங் மேல நெம்புகோல் மாதிரி அமுக்கும். டயர்ல ஆரம்பிச்ச செலவு பேரிங், மட்கார்ட்னு ஊர்கோலம் போகும்.

இன்னொண்ணு, இதைப் பலபேர் யோசிக்கறதில்ல. இந்த மாதிரி பழைய வண்டியில நடுவுல டிஃப்ரன்ஷியல் கிடையாது. குட்டி லீவரைப் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணா பூட்டிக்கும். முன்னாடி புது டயர் 8 மில்லி பட்டன், பின்னாடி தேஞ்சது 2 மில்லின்னு வைங்க. விட்டத்துல 12 மில்லி வித்தியாசம், அதாவது 1.7 சதவீதம். முன் வீல் நூறு சுத்து சுத்தற தூரத்துக்குப் பின் வீல் நூத்தி ஒண்ணே முக்கால் சுத்து சுத்தணும், ஆனா பூட்டு விடாது. சேத்துல டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிடும். தார்ல வழுக்காது, உள்ள இருக்கற பல்லும் ஷாஃப்டும்தான் அனுபவிக்கும். அதனால "ரெண்டு இப்ப, ரெண்டு தீபாவளிக்கு"ங்கற நம்ம வீட்டு பட்ஜெட் கொள்கை இங்க செல்லாது. ஸ்டெப்னியும் அதே சைஸா இருக்கணும்.

மட் டெர்ரெய்ன் ஏன் வேண்டாம்? பட்டனுக்கு நடுவுல பெரிய பெரிய இடைவெளி. சேத்துல அது மண்ணை உதறித் தள்ளும், அருமை. ஆனா நவம்பர் மழையில பூந்தமல்லி நெடுஞ்சாலையில பிரேக் அடிக்கறப்ப தரையைத் தொடற ரப்பர் கம்மி. நாலு வீலும் இழுக்கறது கிளம்பறதுக்குத்தான் உதவும், நிக்கறதுக்கு இல்ல. நாங்க எடுத்தது அதே பழைய சைஸ்ல, சாதுவான ஆல் டெர்ரெய்ன். பக்கச்சுவர்ல லோடு எண் 100 இருக்கான்னு பாத்து வாங்கினேன். 100-னா ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 95-னா 690 தான். விலை கம்மின்னு 95-ஐ நீட்டுவாங்க, மூட்டை ஏத்தற வண்டிக்கு வாங்கிடாதீங்க.

ரிம்? அதே இரும்பு ரிம்தான். ஒண்ணு மட்டும் நெளிஞ்சிருந்துச்சு, மாத்திட்டோம். பள்ளத்துல விழுந்தா இரும்பு நெளியும், பெரும்பாலும் தட்டி நிமித்தி வீடு வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டா அங்கயே உக்கார வேண்டியதுதான். இரும்பு ரிம் செய்யற வீல்ஸ் இந்தியா பாடியில, அப்பல்லோ ஒரகடத்துல, எம்ஆர்எஃப் 1946-ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச இடம் திருவொற்றியூர், அம்பத்தூர்ல ஒரு காலத்துல டன்லப். இவ்வளவையும் சுத்தி வச்சுக்கிட்டு நாம ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்கக்காரன் பிக்கப் வீடியோவைப் பாத்து டயர் முடிவு பண்றோம்!

எங்க வண்டி சரக்குப் பதிவு, எஃப்.சி.க்குப் போயே ஆகணும். கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வச்சு சொல்லியாச்சு. அங்க போய் 31 இஞ்சுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்ல.

நண்பரே, ஆசை அடங்கலைன்னா 235/75 ஆர்15 வரைக்கும் யோசிக்கலாம். அது நாலு சதவீதம்தான் பெருசு. அதுக்கும் முதல்ல ரிம் அகலம் ஒத்துக்குதா, ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சா எங்கயாவது உரசுதான்னு பாருங்க. ராத்திரி தனியா இருக்கறப்ப அந்தக் கறுப்பு அலாய் படத்தை நான் இன்னும் எடுத்துப் பாக்கறேங்கறதையும் ஒத்துக்கறேன் :-)

டிஸ்கி: எந்த டயர் கம்பெனியும் இதுக்குக் காசு குடுக்கல. குடுத்தா வாங்கிக்கறேன். அஞ்சாவது டயர் இன்னும் வாங்கல.