கொடி விழும்வரை கன்றுக்குப் பட்டினியா?

நம் நாட்டுச் சாலையோர ஆலமரங்களில் வைக்கோல் சுற்றிய பொட்டலங்களும் கிழிந்த சாக்குகளும் தொங்குவதைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். அவை மாடு கன்று போட்டபின் விழுந்த நஞ்சுக்கொடிகள்! பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகுமாம். அப்படியானால், ஆலமரமே முளைக்காத டென்மார்க் தேசத்தில் பால் பெருகுவது எந்த மரத்தின் தயவால் என்று கேட்கின்றோம்.

நிற்க, இதிலாவது போவது ஒரு சாக்குதான். ஆனால், கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் ஊட்டக்கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் தடுக்கிறார்களே, அதில் போவது உயிர். மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே கொஞ்சம் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெற்று வருகிறது. மாட்டுக் கன்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு அச்சக்தி சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். அதுவும் பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் ஊட்டினால்தான் முழுப் பயன். 24 மணி நேரம் சென்றால் குடல் அச்சக்தியை ஏற்காது. கொடி விழவோ 8 மணி, 12 மணி நேரம்கூட ஆகும். கன்று முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கும். கொடி விழுவதற்கே அது உதவி. ஆகவே, இந்தத் தடை கன்றுக்கும் கேடு, மாட்டுக்கும் கேடு.

பிறகு கன்று கழிந்து செத்தால் பழி யார்மேல்? மாட்டின் சுழிமேல், கண்ணேறுமேல், புதிதாய் வந்த மருமகளின் ராசிமேல்! விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி, சூளையில் பொம்மை வெடித்தால் மண்ணைப் பார்க்கிறார், ஈரத்தைப் பார்க்கிறார், சூட்டைப் பார்க்கிறார். மருமகளைப் பார்ப்பதில்லை. சூளையில் உள்ள புத்தி தொழுவத்தில் மட்டும் ஏன் கூடாது?

ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய், 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது பொங்கலும் வேப்பிலையுமா? தடுப்பூசி! பெயரிலேயே மாரியை வைத்திருக்கும் கோமாரிக்கும் இன்று ஊசி உண்டு.

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுவது நம் பக்கத்தில் பிரசித்தம். செத்த கன்று எந்தப் பிராதுக்கும் எழுந்து வராது. தோழர்களே! கன்று பிறந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்துச் சீம்பால் ஊட்டுங்கள். கொடியை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால், கையால் இழுக்காமல் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள். கடன் வாங்கி ஒரு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழைக்கு அந்தக் கன்றுதான் நாளைய முதல். அதைச் சாஸ்திரத்துக்குப் பலி கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.