வாங்கு ஒண்டு போடுங்கோ

வடமராட்சியில இப்ப எழும்புகிற வீடுகள் கனக்கவற்றில் ஒரு புதுச் சாமான் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு முன்னாலயோ மேல்மாடியிலயோ, எட்டடிக்குப் பத்தடி அளவில், கூரை பாதி மூடியும் மூடாமலும் ஒரு மேடை. வரைபடத்தில் அதன் பெயர் 'டெக்'. கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற அண்ணாமாரும் அக்காமாரும் வட்ஸ்அப்பில் படம் அனுப்புகினம், இங்க மேசன்மார் அதைப் பார்த்துக் கட்டுகினம். கட்டி முடிந்த பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது. அதில என்னத்தை வைக்கிறது?

தொண்டைமானாற்றில் நாங்கள் பார்த்த டெக்குகளில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: பச்சைப் பிளாஸ்டிக் புல், பெயின்ற் அடித்த இரும்புக் கதிரை இரண்டு, கண்ணாடி போட்ட சின்ன மேசை, மின்குமிழ் மாலை. படத்துக்கு நல்லா இருக்கும். ஆனால் இது கடலும் ஏரியும் சந்திக்கிற ஊர். ஐப்பசியில் தொடங்குகிற வாடைக்காற்று கடலில் இருந்து நேராக வருகுது, வரேக்க உப்பையும் கொண்டுவருகுது. பெயின்ற் எங்க கொஞ்சம் உரிஞ்சாலும் அதுக்குள்ள உப்பு போய் இருந்துவிடும், பிறகு கறள்தான். பிளாஸ்டிக் புல்லோ மத்தியான வெயிலில் கால் வைக்கேலாத அளவுக்குச் சுடும், மழைக்கு அடியில் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

உப்புக்காற்றோட வாழப் பழகின மரம் எங்களிட்டயே இருக்கு. முதிர்ந்த பனையின் வெளிப்பக்க வைரம் எத்தனை தலைமுறைக் கூரைகளைத் தாங்கியிருக்கெண்டு பழைய வீடுகளைப் பார்த்தாலே தெரியும். உள்பக்கச் சோறு உதவாது, வைரம்தான் வேணும். இதுக்காகப் பனையைத் தறிக்கச் சொல்லேல்லை. அனுமதியில்லாமல் தறிக்கவும் ஏலாது. ஆனால் பழைய வீடு இடிக்கிற வளவுகளில் வளைகளும் சிலாகைகளும் விறகு விலைக்குப் போகுது. ஒரு தச்சரைப் பிடிச்சால் அதில வாங்கு அடிக்கலாம். வடக்குப் பக்கத்துக்கு ஒரு பனையோலைத் தட்டி, வாடைக்குக் கட்டவும் சோளகத்துக்குக் கழட்டவும் ஏலுமான மாதிரி. பனை அபிவிருத்திச் சபை 1978இல் இருந்து இருக்குது. ஆனாலும் பனையோலைச் சாமான் எண்டால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோற அன்பளிப்பு எண்டுதான் எங்கட வீடுகளில் நினைப்பு.

செடி பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. நித்தியகல்யாணி, கற்றாழை, நந்தியாவட்டை வையுங்கோ. சாடிக்குக் கீழ தட்டு மட்டும் வையாதேங்கோ. மாரியில் அதுக்குள்ள தேங்கிற தண்ணியில்தான் டெங்கு நுளம்பு பெருகும்.

இவ்வளவும் சாமான் கதை. எங்களுக்கு உண்மையில் உறுத்துவது வேற. இந்த டெக்குகளில் ஆர் இருக்கினம்?

திண்ணை, விறாந்தை, தலைவாசல், சங்கடப்படலை எண்டு எங்களிட்டச் சொற்களுக்குக் குறைவில்லை. சங்கடப்படலை எண்டது கூரை போட்ட படலை. வெயிலிலயும் மழையிலயும் தெருவால போறவர் ஒதுங்கி நிற்கக் கட்டினது. பருத்தித்துறையில் இருக்கிற தெருமூடிமடம் அதையும் தாண்டினது: றோட்டுக்கு மேலயே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை. உதுகளைச் சொன்னவுடன 'அந்தக் காலம்' எண்டு பெருமூச்சு விடுகிற ஆக்கள் கனபேர். எங்களால அப்பிடி விடேலாது. எல்லாரும் திண்ணையில் இருக்கேல்லை. ஆர் திண்ணையில், ஆர் முற்றத்தில், ஆர் படலைக்கு வெளியில் எண்டு சாதி அளந்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்திலயும் அதுதான். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்தில், மற்றப் பிள்ளைகள் வாங்கில். 1920களின் கடைசியில் 'சம ஆசனம்' எண்ட கோரிக்கைக்காக யாழ்ப்பாணத்தில் எவ்வளவு சண்டை நடந்தது! 1924இல் தொடங்கின இளைஞர் காங்கிரஸ்காரர் அதை ஆதரிச்சுப் பேசி ஊரின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவையளும் எங்கட வயசுப் பொடியள்தான். ஒரு வாங்கில் ஆர் பக்கத்தில் ஆர் இருக்கிறது எண்டது எங்கட ஊரில் ஒருநாளும் சின்ன விசயமாக இருந்ததில்லை.

இண்டைக்கு அது முடிஞ்சுபோச்சோ? டெக் கட்டி முடிஞ்ச ஒரு வீட்டில், அதுக்கு ரைல்ஸ் பதிச்ச ஆக்களே மதிலோரம் குந்தியிருந்து தேத்தண்ணி குடிச்சதைப் போன வருசம் கண்டம். ஒருத்தரும் அவையை அங்க போய் இருக்கச் சொல்லேல்லை. புதுக் கதிரை இரண்டும் பொலித்தீன் கழட்டாமல் மேல சும்மா கிடந்தது.

ஏலாது எண்டில்லை. செல்வச்சந்நிதியில் திருவிழாக் காலத்தில் மடங்களில் பந்தி போடேக்க முன்பின் தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுறம், ஆரெண்டு கேட்கிறதில்லை. 2022 பங்குனி முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தமே, அப்ப ஒழுங்கை முழுக்க வெளியிலதான் இருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எங்க வரிசை நீளம் எண்ட கதையில் தொடங்கி, பத்து வருசமாக முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரர் கதைக்கத் தொடங்கினவை. கரண்ட் வந்தது, எல்லாரும் உள்ள போயிற்றம்.

பெட்டையளின் கணக்கு இன்னும் மோசம். மாலை ஆறு மணி கழிய விறாந்தையில் புத்தகத்தோட இருந்தால் 'றோட்டால போறவங்கள் பாப்பாங்கள், உள்ள வா' எண்டு குரல் வரும். அண்ணன் அதே இடத்தில் கால் நீட்டி ஃபோன் பார்க்கலாம். எங்களில் ஒருத்தி சொன்னது: வீட்டிலயே நல்ல காத்து வாற இடம் டெக்தான், அதில தான் இருந்தது விருந்தாளிகளோட படம் எடுக்கேக்க மட்டும்தானாம். இரண்டு லட்சம் மூன்று லட்சம் செலவழிச்சு ஒரு இடம் கட்டிவிட்டு, வீட்டில் பாதிப் பேருக்கு அதைப் பூட்டி வைக்கிறதுக்கு அலங்காரம் எண்டு பெயர் சொல்லேலாது.

ஆனபடியால் எங்கட யோசனை இதுதான். இரண்டு கதிரை வேண்டாம். இரண்டு கதிரை எண்டால் வீட்டுக்காரரும் அவருக்குச் சமமெண்டு அவர் நினைக்கிற ஒருத்தரும். ஆறடி நீளத்தில் ஒரு வாங்கு போடுங்கோ, முதுகு சாய ஒரு பலகையோட. நாலு பேர் இருக்கலாம், நெருங்கினால் ஐஞ்சு. ஒழுங்கையைப் பார்த்தபடி போடுங்கோ. மின்குமிழ் மாலையை விட்டுட்டு, படிக்கக்கூடிய ஒரு நல்ல லைற் பூட்டுங்கோ, அந்த ஆறு மணிப் பெட்டைக்குத் தேவை. மூலையில் மண்பானையில் தண்ணியும் ஒரு குவளையும். ஒரே குவளை, எல்லாருக்கும்.

'கள்ளர் வருவாங்கள்' எண்டு ஒரு அம்மா எங்களிட்டச் சொன்னா. வாங்கில் நாலு பேர் இருக்கேக்க எப்பிடியம்மா வருவாங்கள் எண்டு கேட்டம். சிரிச்சா. கம்பி வலை அடிக்கிறதைக் கொஞ்சம் தள்ளி வைச்சிருக்கிறா.