அழகாய் உடுத்தக் கடன் எதற்கு?

மாசிமகம் வந்துவிட்டால் மயிலம் முருகன் முதலிய பல ஊர்ச் சாமிகளும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவது வழக்கம். சாமிக்குப் பட்டு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, வலை இழுத்துப் பிழைக்கிறவனும் கடன் வாங்கித் தன் வீட்டாருக்குப் பட்டு எடுக்கிறான். அந்தப் பட்டு உப்புத் தண்ணீரிலும் வியர்வையிலும் நைந்துபோகும். வட்டி நைந்துபோகுமா?

ஏழைகள் நன்றாய் உடுத்தக்கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. கட்டாயம் உடுத்தத்தான் வேண்டும். திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளவே பல்லாண்டு போராடி, 1859இல்தான் அரசாங்க உத்தரவு பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாதென்று நிபந்தனை! ஆகவே, உடை என்பது மானத்தைப் பற்றிய விஷயம். ஆனால் மானம் துணியின் விலையிலா இருக்கிறது?

ஆப்பிரிக்காவுக்கு நீலத்துணி அனுப்பிய ஊர் புதுச்சேரி. இவ்வூராருக்குப் பருத்தியின் அருமையை நாமா சொல்லவேண்டும்? தொளதொளவென்று தொங்கும் உயர்ந்த துணியைவிட, அளவெடுத்துத் தைத்த மலிவுத் துணியே எடுப்பாயிருக்கும். ஒன்றைத் தோய்த்து ஒன்றை உடுத்த இரண்டு ஜதை போதும். கடற்காற்றில் உப்புப் பிடிக்குமாதலால் நல்ல தண்ணீரில் அலசி, சாயத்துணியை உட்புறம் திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் நிற்கும். கிழிசலை அன்றைக்கே தைத்துவிடவேண்டும். இதற்குச் செலவு என்ன? கொஞ்சம் நூலும், கொஞ்சம் கவனமுந்தானே!

சாமியின் பட்டுக்காக எந்தக் கடன்காரனும் சாமியைத் தேடிப்போவதில்லை. நம் பட்டுக்கு நம் வாசலில்தான் வந்து நிற்பான். தோழர்களே, யோசித்துப் பாருங்கள்!